முப்பது செகண்டுல எங்கய்யா

மோட்டாருக்குக் கரண்ட் வர்ற வரைக்கும் வரப்புல உக்காந்து போனைத் தள்ளிக்கிட்டு இருக்கறது எனக்கும் பழக்கமாயிருச்சு. போன வாரம் அப்படித் தள்ளும்போது எங்கய்யா வந்தார். அவர் தவறி ஒரு வருசம் ஆகுது.

அக்கா மகன் எடுத்த ரீல்ஸ். அய்யா மாட்டைப் பத்திக்கிட்டு வர்றார், வாய்க்காலை மடை திருப்புறார், சிரிக்கிறார். முப்பது செகண்டுக்குள்ள பத்துப் பன்னிரண்டு துண்டு. ஏதோ சொல்றார், வாய் அசையுது. ஆனா மேல ஒரு சினிமாப் பாட்டு ஓடுது.

மருமகனுக்கு டைரக்டர் ஆகணும்னு ஆசை. 2020-ல டிக்டாக்கைத் தடை பண்ணினதும் ரீல்ஸுக்கு மாறினவன். "மொத மூணு செகண்டுல ஆளைப் புடிக்கணும் மாமா, இல்லேன்னா தள்ளிட்டுப் போயிருவாங்க" என்பான். டென்ட் கொட்டகையில மணலைக் குவிச்சு உக்காந்து பார்த்த எங்களுக்கு எழுத்து போட்டு முடியவே அஞ்சு நிமிசம் ஆகும். திரை நிறைய அகலமாத் தெரிஞ்ச வயக்காடு, இப்ப நட்டக்குத்தலா நிக்கிற போன்ல ஓராள் அகலத்துக்குச் சுருங்கிப்போச்சு.

2022-ல 'கடைசி விவசாயி' வந்தப்ப மூணு பேரும் போனோம். மணிகண்டன் எடுத்த படம். நல்லாண்டிங்கிற நிஜ கிராமத்துப் பெரியவர்தான் நாயகன். படம் வெளிவரும் முன்னாடியே அவர் இறந்துட்டார். சாமிக்குப் படைக்க நெல்லு விளைவிக்கிற கதை, நிதானமாத்தான் நகரும். பாதியில மருமகன் போனை எடுத்துட்டான். அய்யா கண்ணை எடுக்கல. "நெல்லு அவசரப்பட்டா வளருமாடா?" என்றார் வெளியே வந்து.

மருமகனுக்குப் போன் போட்டேன். "தாத்தா பேசுன ஒரிஜினல் இருக்காய்யா?"

"போன்ல இடமில்லேன்னு அழிச்சுட்டேன் மாமா."

திட்ட வாய் வரல. 1977-ல '16 வயதினிலே' மூலமா பாரதிராஜா கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார். ஆனா எந்தக் கேமராவும் எங்க வீட்டு வாசலுக்கு வரல. இவன் போன் இல்லேன்னா அய்யா நடந்து வர்றதைக்கூட இனிமே பார்க்க முடியாது.

மறுநாள் அவனே வந்தான். போனைப் படுக்கவசமாக் கல்லுமேல சாய்ச்சு வச்சு, "அம்மாச்சி, கல்யாணமாகி வந்த கதையைச் சொல்லு"ன்னான். மூணு செகண்டுல அம்மா வெத்தலைக்குச் சுண்ணாம்புகூடத் தடவி முடிக்கல. அவன் நிறுத்தாம நாப்பது நிமிசம் எடுத்தான்.

உங்க வீட்டுப் பெரியவங்களையும் ரீல்ஸ் எடுங்க, தப்பில்ல. பாட்டு போடாத ஒண்ணையும் பத்திரமா வச்சுக்கோங்க.