பிள்ளைகளைத் தூங்க விடுவோம்



இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். இதில் என்னுடைய பிழையும் இருக்கிறது. ஆனாலும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வீடுகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சில காலத்துக்கு முன், தரம் 11 மாதிரிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி திடீரென்று பேனையை வைத்துவிட்டாள். கை நடுங்கியது, மூச்சு வாங்கியது. "டீச்சர், நெஞ்சு படபடக்குது. மௌத்தாகிடுவேன் போல இருக்கு" என்றாள். உம்மாவை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஈசிஜி, இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறை இல்லை.

"கண்ணூறாத்தான் இருக்கும் டீச்சர். இல்லாட்டி புள்ளைக்கு ஈமான் கொறைஞ்சிட்டா?" என்று உம்மா அழுதார். வைத்தியர் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மகள், ராவைக்கு எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?"

இரண்டு மணிக்கு. சுபஹுக்கு எழும்பிவிடுவாள். மூன்று மணித்தியாலத் தூக்கம், இரண்டு மாதமாக.

அந்த இடத்தில் எனக்குத் தலை குனிந்தது. ஏனென்றால், வகுப்பில் "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சவங்க கை உயர்த்துங்க" என்று கேட்டு, கை உயர்த்திய பிள்ளைகளைப் பாராட்டியது நான்தான். இஷாவுக்குப் பிறகு மேலதிக வகுப்பு வைத்ததும் நான்தான்.

வைத்தியர் விளக்கியதையும், அதன் பிறகு நான் தேடி வாசித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நமது மூளையில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. ஆபத்து என்று மணி அடிப்பது அதன் வேலை. "பயப்பட ஒன்றுமில்லை" என்று அதை அடக்குவது நெற்றிப் பக்கத்து மூளை. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காத இளைஞர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். தூங்கியவர்களை விட அவர்களின் அமிக்டலா 60 வீதம் அளவுக்குக் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கும் பகுதியோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. மணி பலமாக அடிக்கிறது, நிறுத்த ஆள் இல்லை. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு ஒரு சாதாரண வினாத்தாள் பாம்பாகத் தெரிவது இதனால்தான்.

இது மறுபக்கமாகவும் வேலை செய்யும். பதற்றம் வந்தவருக்குத் தூக்கம் வராது. தூக்கம் வராததால் மறுநாள் பதற்றம் கூடும். பிறகு, "இன்றைக்கும் தூக்கம் வராதோ" என்ற பயமே தூக்கத்தை விரட்டும். எது முதலில் தொடங்கியது என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஓர் இடத்தில் அந்தச் சுற்றை அறுக்க வேண்டும்.

நமது மார்க்கத்திலும் இதற்கு வழி இருக்கிறது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இரவு முழுக்கத் தொழ நினைத்த அபுத்தர்தா (ரழி) அவர்களை, முதலில் தூங்குங்கள் என்று தடுத்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பித் தொழ வைத்தார் ஸல்மான் (ரழி). ஸல்மான் சொன்னது சரி என்று நபியவர்கள் ஏற்றுக்கொண்டது புஹாரியில் பதிவாகியிருக்கிறது. வணக்கத்துக்கே அந்த அளவு என்றால், கடந்தகால வினாத்தாளுக்கு எந்த அளவு?

13 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலத் தூக்கம் தேவை. இரவு 9.30க்குப் படுத்து 5 மணிக்கு எழும்பினால் ஏழரை. லுஹருக்குப் பிறகு அரை மணி நேரம் கைலூலா எடுத்தால் எட்டு. கணக்கு சரியாக வருகிறது. நாம்தான் விடுவதில்லை.

அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டவை இவைதான். தினமும் ஒரே நேரத்துக்கு எழும்புவது, லீவு நாளிலும். அஸருக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். குடித்ததில் பாதிக் கஃபீன் ஐந்தாறு மணித்தியாலம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஃபோன் படுக்கை அறைக்கு வெளியே. கட்டிலில் இருந்து படிப்பதில்லை. மனதில் ஓடும் கவலைகளை மஃரிபுக்குப் பிறகு ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. இருபது நிமிடம் அளவுக்குத் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் திக்ர் செய்து, தூக்கம் வரும்போது மீண்டும் படுப்பது.

ஒரே கிழமையில் எல்லாம் மாறவில்லை. முதல் சில நாள் அழுதாள், மற்றவர்கள் முந்திவிடுவார்கள் என்று. மூன்றாம் கிழமையளவில் படபடப்பு குறைந்தது. பரீட்சையன்றும் பயம் இருந்தது. ஆனால் பேனையைக் கீழே வைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாப் பதற்றத்துக்கும் தூக்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள். அதோடு வைத்தியரையும் பாருங்கள். கிழமைக் கணக்கில் தூக்கமில்லை, பயம் விடவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். பார்மசியில் தூக்க மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். இது ஈமான் குறைவல்ல, வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் வகுப்பில் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். இரவு வகுப்பை அஸருக்குப் பின் மாற்றிவிட்டேன். இப்போது காலையில் கேட்கும் கேள்வியும் வேறு: "ராவைக்கு நல்லாத் தூங்கினவங்க கை உயர்த்துங்க."

முதல் நாள் உயர்ந்தது நான்கு கைகள்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை கை உயர்த்துமா என்று இன்றிரவு ஒரு தடவை பாருங்கள். பிள்ளைகள் எல்லோருக்காகவும் துஆ செய்யுங்கள்.