தொடாமல் விழிக்கும் கணினி

மேசைக் கணினியை நிறுத்தியவுடன் அது முழுவதும் உறங்கிவிடுவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சுவரிலுள்ள சுவிட்சு போட்டிருக்கும்வரை கணினியின் மின்வழங்கி ஊதா நிறக் கம்பி ஒன்றில் 5 வோல்ட் மின்னழுத்தத்தை எப்போதும் வைத்திருக்கும். 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அமைப்புமுறை தந்த வசதி இது. அதற்கு முந்தைய கணினிகளில் பொத்தான் வீட்டு மின்சாரத்தையே நேரடியாக இணைத்தது. இப்போதோ, தாய்ப்பலகையிலுள்ள இரண்டு முனைகளை ஒரு கணம் இணைப்பதோடு பொத்தானின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு விரல்தான் வேண்டும் என்பதில்லை.

எங்கள் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தபின் இடக்கை மட்டுமே அசையும். அக்கையிலும் பொத்தானை அழுத்தும் வலிமை இல்லை. உருளைச் சுட்டியைப் புறங்கையால் உருட்டித் தமிழ் நாளிதழ் படிப்பார். கும்பகோணத்திலுள்ள தம் தங்கையோடு பேசுவார். ஆனால் கணினியைத் தொடங்கிவைக்க, நாங்கள் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருப்பார். புனேயில் பகல் முழுவதும் அவரோடு தமிழில் பேச வேறு எவர் உண்டு?

அண்ணனும் நானும் புதவார் பேட்டையிலுள்ள தப்கீர் கல்லிக்குச் சென்றோம். தப்கீர் என்றால் மராத்தியில் மூக்குப்பொடி. இன்று அச்சந்தில் கிடைப்பனவோ மின்பொருள்கள்! அகச்சிவப்பு உணரி ஒன்றும் ரிலே இரண்டும் வாங்கினோம். உணரி அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். சில சென்டிமீட்டர் தொலைவில் கை வந்தால் கதிர் அதில் பட்டுத் திரும்பும். உடனே முதல் ரிலே அவ்விரு முனைகளையும் இணைக்கும். உணரிக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த ஊதாக் கம்பியே தந்தது.

இதுவரை எளிது. தாத்தா கையை எடுக்கத் தாமதித்தால்? இணைப்பு நான்கு நொடிக்குமேல் நீடித்தால் கணினி அணைந்துவிடும். பேச்சின் நடுவே கை தவறி உணரியின்முன் சென்றாலோ, கணினி அதனை ‘நிறுத்து’ என்னும் ஆணையாகக் கொள்ளக்கூடும். இரண்டாம் ரிலே இதற்காகத்தான். மின்வழங்கியின் மஞ்சள் கம்பியில், கணினி இயங்கும்போது மட்டுமே 12 வோல்ட் இருக்கும். அதனை இந்த ரிலேக்குக் கொடுத்தோம். கணினி விழித்த மறுகணமே அது உணரியின் வழியைத் துண்டித்துவிடும். கை அங்கேயே இருந்தாலும் கவலை இல்லை. ஒரே கம்பியால் இரண்டு சிக்கல்களும் தீர்ந்தன. இவ்வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. (மின்வழங்கியின் பெட்டியை மட்டும் திறக்கலாகாது, அணைத்த பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.)

மறுநாள் மாலை நாங்கள் வீடு திரும்பியபோது, தாத்தா கும்பகோணத்தோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார். இவ்வாண்டு தங்கை வடுமாங்காய் அனுப்பவில்லையாம்.