பாட்டியின் ஐந்தாம் பத்து மணி



அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பாட்டியின் குரல் ஓங்கிவிடும். மாலை ஏழு மணிக்கு மாதா படத்தின் முன் விளக்கேற்றி எல்லோரையும் அழைப்பார். மற்ற மாதங்களில் படிப்பைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். செபமாலை மாதத்தில் அது நடக்காது!

பாட்டியின் செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு கருத்து உண்டு. முதல் நான்கும் குடும்பம், பங்கு, நோயாளிகள், உத்தரிக்கிற ஆன்மாக்கள் ஆகியோருக்காக. ஐந்தாவது மட்டும் ஏமன் நாட்டுக்காக. கடலுக்கு அப்பால், பாட்டி கண்ணால் காணாத அந்த நாடு எங்கள் வீட்டுச் செபத்துக்குள் எப்படி வந்தது?

2016-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள், தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஏமனில் உள்ள ஏடன் நகரில், அன்னை தெரசாவின் சகோதரிகள் நடத்தி வந்த முதியோர் இல்லத்துக்குள் துப்பாக்கி ஏந்தியவர்கள் நுழைந்தார்கள். நான்கு சகோதரிகள் உட்பட 16 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்த கேரளத்தைச் சேர்ந்த சலேசிய சபைக் குரு, அருட்தந்தை டாம் உழுன்னலில் கடத்திச் செல்லப்பட்டார்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. செய்தி கேட்ட அன்றே பாட்டி ஐந்தாம் பத்து மணியை அந்தக் குருவுக்காக ஒதுக்கிவிட்டார். பெரிய வெள்ளிக்கிழமை அன்று அவரைச் சிலுவையில் அறைந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. அப்பாகூட, "இனி எதுக்கும்மா?" என்று தளர்ந்து போனார். பாட்டி பதில் பேசவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தார். பிறகு அது பொய்ச் செய்தி என்று தெரிந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2017 செப்டம்பர் 12-ஆம் நாள் அருட்தந்தை விடுதலையானார். சிறையிருப்பில் அப்பமும் இரசமும் இல்லாமல், மனத்துக்குள்ளேயே திருப்பலி நிறைவேற்றி வந்ததாக அவர் பின்னர் கூறினார். தமக்காகச் செபித்த அனைவருக்கும் நன்றியும் சொன்னார். அந்த "அனைவரில்" எங்கள் பாட்டியும் ஒருவர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை!

அடுத்த மாதம் செபமாலை தொடங்கியது. ஐந்தாம் பத்து மணியில் மறுபடியும் ஏமன்! எனக்கோ தூக்கம். "அதுதான் சாமியார் வந்துட்டாரே பாட்டி!" என்றேன்.

"ஏட்டி, சாமியார் வந்துட்டாரு. அங்க பட்டினி கெடக்குற பிள்ளைக எங்க போகும்?"

அந்த நாட்டில் அப்போது கடும் போர். காலரா நோயும் பரவி, 2017 இறுதிக்குள் பத்து லட்சம் பேருக்குமேல் அந்நோய் கண்டிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று முணுமுணுத்துக்கொண்டே மணிகளை உருட்டினேன்.

பதினோராம் வகுப்பில் மறைபரப்பு ஞாயிறுக்கு மன்றாட்டு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. "உலகெங்கும் உழைக்கும் மறைபரப்பாளர்களுக்காக" என்று அழகாக எழுதிக் காட்டினேன். சிஸ்டர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. யாரை நினைச்சு எழுதினாய்?" என்று கேட்டார். அருட்தந்தை டாம் அவர்களின் கதையைச் சொன்னேன். "அந்த நாலு சகோதரிகள் எந்த நாட்டவர்?" என்றார். நான் விழித்தேன். ஒருவர் நம் இந்தியர்; இருவர் ருவாண்டா நாட்டவர்; ஒருவர் கென்யா நாட்டவர் என்று சிஸ்டர்தான் சொன்னார். இத்தனை ஆண்டு செபித்தும் நான் அதைக் கேட்டறியவே இல்லை!

அன்று மாலை இதைப் பாட்டியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சாமியாரப் பிடிச்சப் பிறகுதான் நாம அவருக்காகச் செபிச்சோம். அந்த அம்மாமாரு உயிரோட இருந்தப்ப, அந்தக் கெழடுகளுக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தப்ப, அவுகளுக்காக ஒரு மணிகூட நாம உருட்டல. அந்தக் கடனைத்தாம்ட்டி அடைக்கேன்" என்றார்.

என் கண்கள் கலங்கிவிட்டன. பத்திரிகையில் வந்த பிறகு செபிப்பது எளிது. பத்திரிகையில் வராதவர்கள் எத்தனை பேர்!

நம் சிறுமலர், குழந்தை இயேசுவின் புனித தெரசம்மாளை எண்ணிப் பார்க்கிறேன். 1888-இல் தம் 15-ஆம் வயதில் கார்மேல் மடம் புகுந்தவர், 1897-இல் 24 வயதில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். சீனாவுக்குச் சென்ற ஒரு குருவுக்காகவும், ஆப்பிரிக்காவுக்குச் செல்லவிருந்த ஒரு குருமாணவருக்காகவும் செபித்தார். அவர்களுக்குக் கடிதங்களும் எழுதினார். யாரென்று அறிந்தே செபித்தார்! 1927-இல் திருச்சபை அவரை, நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த புனித சவேரியாரோடு சேர்த்து, மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாக அறிவித்தது.

தோழியரே, எனக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வாரம் ஒரு நாட்டை நிலப்படத்தில் தேடி, அங்கே என்ன துன்பம், யார் பணி செய்கிறார்கள் என்று கேட்டறிந்து, ஒரு பத்து மணி ஒப்புக்கொடுக்கிறேன். நீங்களும் ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏமனை மட்டும் எங்கள் பாட்டி விட்டுக்கொடுக்க மாட்டார்!