அப்பாவின் இன்லண்ட் லெட்டரும் ஆபீஸ் காப்பியும்

போன சனிக்கிழமை மகள் காலேஜிலிருந்து ஒரு துணி ஒட்டிய பெட்டியை இரவல் வாங்கி வந்தாள். ஸ்வீட் பாக்ஸ் என்று நினைத்துக் கை வைத்தேன், தட்டிவிட்டாள் :-)

உள்ளே ஏழு குட்டிப் புத்தகங்கள். பிரித்தால் விசிறி மடிப்பாக நீண்டுகொண்டே போகிறது, எல்லாம் கருப்பு வெள்ளைப் படங்கள். டைனிங் டேபிளில் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. தயானிதா சிங் என்ற டெல்லிக்காரர் செய்தது. "சென்ட் எ லெட்டர்" என்று பெயர், 2008ல் ஜெர்மனியின் ஸ்டைடல் வெளியிட்டது. அலகாபாத், பம்பாய், கல்கத்தா என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று பத்மநாபபுரம்! தக்கலையில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். (அரண்மனை நம்ம மாவட்டத்தில், சாவி கேரளாவிடம். அதை இன்னொரு நாள் புலம்புகிறேன்.)

ஒரு நண்பருடன் ஊருக்குப் போவாராம். எடுத்த படங்களைச் சின்னதாக அச்சிட்டு, வெட்டி, மடிப்பு நோட்டில் ஒட்டுவாராம். இரண்டு பிரதி. ஒன்று அந்த நண்பருக்கு, ஒன்று தன்னிடம். மகள் ஏதோ பெரிய கலைத் தத்துவமாக விளக்கினாள். எனக்கு ஒரே வார்த்தையில் புரிந்தது: ஆபீஸ் காப்பி.

அம்மணி பிறந்தது 1961ல். மாணவியாக ஜாகிர் உசேனைப் படம் எடுக்கப் போன கச்சேரியில் அமைப்பாளர் தள்ளிவிட, எல்லார் முன்னாலும் விழுந்திருக்கிறார். ஒரு நாள் நானும் பெரிய ஆளாவேன் என்று ஜாகிரிடமே சொல்லிவிட்டு வந்தாராம். 1986ல் அவர் போட்ட முதல் புத்தகமே ஜாகிர் உசேன் பற்றித்தான். பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தார், அதையும் விட்டார். சுவரில் மாட்டும் படத்தைவிடப் புத்தகமே தன் வேலை என்று இறங்கினார். 2022ல் ஹாசல்பிளாட் விருது கிடைத்தது.

அவருடைய "ஃபைல் ரூம்" (2013) படங்களை மகள் லேப்டாப்பில் காட்டினாள். கூரை வரை காகிதக் கட்டுகள், துணி மூட்டைகள். எங்கள் ரெக்கார்ட் ரூமேதான், அந்தப் பழுப்பு வாசனை கூட வந்தது. பேங்க் ரெக்கார்டுகளை ஐந்து வருஷம், எட்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 1985லிருந்து விதி உண்டு. அழிப்பதற்கும் கையெழுத்து, ரிஜிஸ்டர் எல்லாம் வேண்டும்.

வேலையில் சேர்ந்து பெங்களூர் வந்த புதிதில் அப்பா வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவார். போன் இருந்தும் போடுவார். 2009ல் வீடு மாறும்போது அந்தப் பையையும் நியூஸ் பேப்பரோடு எடைக்குப் போட்டேன். ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. 2014ல் அப்பா போய்விட்டார்.

"தாத்தா என்ன எழுதுவார்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். "அங்க மழை உண்டா? பைசா வேணுமா?" அவ்வளவுதான் ஞாபகம் வந்தது.

பத்மநாபபுரத்தை டேபிள் முழுக்க விரித்து வைத்துவிட்டாள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துதான் தோசை சாப்பிட்டோம்.