காவலுக்குக் கணக்குக் கேட்பவர் யார்?

சித்தையன்கோட்டையில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். வார்டு கவுன்சிலரை வழியில் மறிக்கலாம். பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் இரவு ரோந்து எத்தனை முறை வர வேண்டும், செம்பட்டியில் சாலைகள் கூடுமிடத்தில் எத்தனை காவலர் நிற்க வேண்டும், நம் பகுதிக்கென்று ஒதுக்கிய ஆட்கள் எத்தனை, அவர்களுக்கான பணம் எவ்வளவு என்று கேட்க விரும்பினால்? கவுன்சிலர் கைவிரிப்பார். அவர்மேல் குற்றமில்லை. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று வகுத்த 18 இனங்களில் தெருவிளக்கு உண்டு, சுடுகாடு உண்டு, தீயணைப்புகூட உண்டு, காவல் கிடையாது. அது மாநிலத்தின் சொத்து. சட்டமன்றத்தில் 22ஆம் எண் மானியக் கோரிக்கையாக வந்து, மாநிலம் முழுமைக்குமான பெருந்தொகையாக நிறைவேறிப் போகும்.

இந்த மண்ணில் எப்போதும் அப்படி இருந்ததில்லை என்பதை பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட மதுரை மாவட்ட கெசட்டியரைப் படித்தபோதுதான் அறிந்தேன். திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவின் ஒரு தாலுகா. கிராமங்களைப் பரம்பரைக் காவல்காரர்கள் காத்தார்கள். அதற்கு ஊர் கூலி கொடுத்தது. கொடுக்காத ஊரில் மாடு காணாமற்போகும். போன மாடு திரும்ப வேண்டுமானால் துப்புக்கூலி என்று ஒரு தொகை வைக்க வேண்டும். துப்புக் கொடுப்பவருக்கும் திருடியவருக்கும் இடையே இருந்த உறவை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

1896இல் திண்டுக்கல் தாலுகாக் கிராமங்கள் இதை எதிர்த்துக் கிளம்பின. அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்றார். ஊர் ஊராகப் பணம் சேர்த்து ஒரு நிதி உண்டாக்கினார்கள். ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டு அதைப் 'பண்டு' என்றார்கள். பழைய காவலை நிறுத்திவிட்டுத் தாங்களே காவலாட்களை அமர்த்தினார்கள். திருடர் வந்தால் கொம்பூத வேண்டும். கேட்ட ஊர்க்காரர் ஓடிவர வேண்டும். இன்று ஆள் பலம், நிதி ஒதுக்கீடு, குற்றத் தடுப்பு என்று நாம் பிரித்துப் பேசுகிற மூன்றையும் எழுதப் படிக்கத் தெரியாத பலர் ஆலமரத்தடியில் சேர்த்தே முடிவு செய்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்கவில்லை.

ஆனால் அதே பக்கங்களில் அடுத்து வருவது கசப்பானது. இயக்கம் சாதிப்பகையாகத் திரும்பியது, வீடுகள் எரிந்தன, காவல்காரர் குடும்பங்கள் குற்றமுள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றி ஊர்களைவிட்டு விரட்டப்பட்டன. ஊரே காவலைக் கையில் எடுத்தால் ஊரில் ஓங்கியவன் கையில்தான் அது போய்ச் சேரும் போலும். ஆகவே, பழையபடி ஊரிடமே கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசின் காவல் மட்டும் என்ன சுத்தம்? மதராஸ் மாகாணத்தில் வரி வசூலுக்கும் வாக்குமூலத்துக்கும் மக்களை வதைத்ததை 1855இல் ஒரு விசாரணைக் குழுவே பதிவு செய்தது. அதன் பின்னர் 1859இல் மாவட்டக் காவல் சட்டம் வந்தது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர்மீதான புகார்களை விசாரிக்க மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சட்டம் செய்தது. தலைவர் மாவட்ட ஆட்சியர். உறுப்பினர்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் ஒருவர். மாமியார் மீதான புகாரை மாமனாரிடம் சொல்வதுபோல என்றார் நண்பர் ஒருவர். சிரித்தோம்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்தபின், நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் கண்டார். வன்தட்டில் இடத்துக்குக் குறைவில்லை. பார்க்கிறவர் எவருமில்லாத இடத்தில் கேமரா இருந்தென்ன?

தேர்தலும் முழு மருந்தல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல் காவல் ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். 2025 நவம்பரில் அந்தப் பதவிகளை ஒழிக்கப்போவதாக அரசு அறிவித்தது.

நான் கேட்பது இவற்றைவிடச் சிறியது. ஆண்டுக்கு இரண்டு முறை, பேரூராட்சிக் கூட்டத்தில் காவல் அதிகாரி ஒருவர் வந்து உட்காரட்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் இத்தனை, இருப்பவர் இத்தனை, வாகனத்துக்கு எரிபொருள் இவ்வளவு, விபத்து நடந்த வளைவுகள் இவை என்று சொல்லட்டும். உத்தரவிடும் அதிகாரம் கவுன்சிலருக்கு வேண்டாம். கேட்கும் உரிமை போதும். காவலருக்கும் அது நல்லது. 2021இல் அரசு வார விடுமுறைக்கு ஆணையிட்டது. இரண்டாண்டு கழித்து இம்மாவட்டத்தின் ஒரு நிலையத்தில், ஊர் வேண்டாம், கண் சிவந்திருந்த ஏட்டு ஒருவரிடம் லீவு கிடைக்கிறதா என்று விசாரித்தேன். "ஆர்டர் இருக்குங்க சார், ஆள்தான் இல்ல" என்றார்.

தைப்பூச நாட்களில் செம்பட்டி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களின் பைகளில் ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புவார்கள். நல்ல காரியம். அந்த வாரம் மாவட்டத்தின் காவலர்களில் பலர் பழனியில் இருப்பார்கள். இங்கே மிச்சமிருப்பவர் எத்தனை பேர் என்பதை முதல் கேள்வியாக வைக்கலாம்.