பூச்சைக் கண்ணும் பச்சைச் சாயமும்

நம்ம ஆண்டு மலருக்குக் காதல் கவிதை எழுத எலெக்ட்ரிக்கல்காரர்கள் இருக்கிறார்கள். நாட்டின் நிலையை எண்ணிக் குமுற சிவில்காரர்கள் இருக்கிறார்கள். மெக்கானிக்கல் இறுதியாண்டிலிருந்து நான் பூச்சையைப் பற்றி எழுதுகிறேன். (வெளியூர் நண்பர்களுக்கு: நாஞ்சில் நாட்டில் பூனை என்றால் பூச்சை.) சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள். பாதிப் பேர் வீட்டு அடுப்படியில் ஒன்று கிடக்கத்தானே செய்கிறது!

எங்கள் வீட்டுப் பூச்சைக்குப் பேர் சுந்தரி. போன ஐப்பசி மழையில் கடுவன் ஒன்றோடு சண்டை போட்டு வந்தவள், மறுநாள் இடது கண்ணைத் திறக்கவில்லை. ஒரே நீர் வடிச்சல். வெளிச்சத்தைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். குளச்சல் சாளை வாங்கித் தலையைப் போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கோரத்திலிருந்து வெள்ளையாக ஒரு தோல் பாதிக் கண்ணை மூடியிருந்தது. "லே, புரை விழுந்திருக்கு" என்றார் பக்கத்து வீட்டு மாமா. அது புரை அல்ல. பூச்சைக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. நல்ல நாளில் மூலைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். கண் வலித்தாலோ உடம்பு தளர்ந்தாலோ வெளியே வந்து நிற்கும்.

மாமா விடுவாரா? எங்கள் ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்தது. "மனுசன் கண்ணுக்கு ஆவும்னா பூச்சைக்கு ஆவாதா? ரெண்டு சொட்டு விடு மக்கா" என்றார். அம்மை குப்பியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவளுக்கு மருந்தைத் தெரியாது, மாமாவைத் தெரியும்.

மூடி போட்ட கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் பட்ட பாடு தனிக்கதை. டாக்டரம்மா ஒரு காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவி, நீல விளக்கை அடித்தார். கருவிழியில் நகக்கீறல் அளவுக்குப் பளீரென்று பச்சை! ஃபுளூரசின் என்ற சாயம். வெல்டிங் வேலையைச் சோதிக்கும் டை பெனட்ரன்ட் டெஸ்டில், கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சிவப்புச் சாயம் காட்டிக்கொடுக்குமே, ஏறக்குறைய அதே சங்கதி. கருவிழியின் மேல்தோல் முழுசாக இருந்தால் சாயம் ஒட்டாமல் வழிந்துவிடும். தோல் போன இடத்தில் மட்டும் ஊறிக்கொள்ளும்.

ஆச்சியின் மருந்துப் பேரைச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "அது ஸ்டீராய்டு தம்பி. புண் இருக்கிற கருவிழியில விட்டா ஆறுறது நின்னுரும், புண்ணு உள்ளே இறங்கும். ஓட்டை விழுந்தா சில நேரம் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும்." கருவிழியின் கனம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான். வெர்னியர் பிடித்துப் பழகிய நமக்கு அது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஆன்டிபயாடிக் சொட்டு, நாளைக்கு நாலு தடவை. துண்டில் சுருட்டித் தலையை மட்டும் வெளியே விட்டு, பின்பக்கமிருந்து விட வேண்டும். முன்னால் குப்பி வந்தால் நகம் வரும். (பிறாண்டினால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.) அவள் கண்ணைத் தேய்க்காமல் இருக்க, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிக் கழுத்தில் கூம்பாக மாட்டினேன். டிராயிங் வகுப்பில் கூம்பை விரித்து வரைந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது! பத்து நாள் கழித்து மறுபடி சாயம் தொட்டார்கள். பச்சை இல்லை.

இரண்டு கண்ணிலும் நீர், கூடவே தும்மல் என்றால் பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் வைரஸ். பூச்சைக்குப் பூச்சை தொற்றும், நமக்குத் தொற்றாது. ஆறிய வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம், கண்ணுக்கு ஒரு பஞ்சு. நீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் வீட்டு வைத்தியம் போதாது. வயசான பூச்சை திடீரென்று சுவரில் முட்டுகிறதா, பட்டப்பகலில் பாப்பா அகல விரிந்தே இருக்கிறதா? பூச்சைக்கும் ரத்தக் கொதிப்பு உண்டு, அதனால் விழித்திரை பிரிந்துபோகும். அன்றைக்கே கொண்டுபோனால் பார்வை திரும்ப வழி இருக்கிறது.

இன்னொன்று சாப்பாட்டில் வருகிற குருடு. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூச்சையின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக அழியும் என்று 1975-ல் கண்டுபிடித்தார்கள். போன பார்வை போனதுதான். அது மீனிலும் இறைச்சியிலும் உண்டு; சோற்றிலும் பருப்பிலும் கிடையாது. நம்ம விடுதி மெஸ்ஸில் சாம்பார் சோறு தின்று திரிகிறானே கறுப்பன், அவனுக்காக மீன் வாங்குகிற அன்றைக்கு மெஸ் அண்ணாச்சியிடம் சொல்லி, குழம்பில் போடுமுன் முள் எடுத்த துண்டு ஒன்றைத் தனியே அவித்து வாங்குங்கள். குழம்பு மீன் வேண்டாம், வெங்காயம் பூச்சைக்கு ஆகாது.