புல்லட் கைமாறிய கதை

என் இரண்டு முழங்கால்களும் சேர்ந்து எடுத்த முடிவு இது. மனசைக் கேட்டிருந்தால் புல்லட் இன்னும் வாசலில்தான் நின்றிருக்கும். 1973-ம் வருடத்து 350 சிசி வண்டி. பட்டனை அமுக்கினால் கிளம்புகிற ரகம் இல்லை. டி-கம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, பிடித்ததை விட்டு, பிறகு ஒரே உதை. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். எழுபதைத் தாண்டிய காலுக்கு அதை வாங்கத் தெம்பு இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இந்த வண்டியின் பூர்வீகம் தெரிந்திருக்கும். பிறந்தது இங்கிலாந்தில். நம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால் இங்கே வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர, என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனியை மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய ஏற்பாடு என் வண்டியிலும் உண்டு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்து வளர்ந்தவன் என்பதால் வீட்டில் இதற்கு 'மோட்டோ' என்றே பெயர்.

வாங்க மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்த இளைஞர் நல்ல விலை சொன்னார். ஆனால் மட்கார்டை வெட்டி, டேங்கை மாற்றி, கறுப்பு பெயின்ட் அடிக்கப் போவதாகவும் சொன்னார். அடுத்தவர் பழைய வண்டிகள் சேகரிப்பவர். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பிரிவில் புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். காய்கறி வாங்கப் போகக்கூடாது.

மூன்றாவதாக வந்தவர் ஒத்தக்கடைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். "ஐயா, நான் தினமும் இதுலதான் பட்டறைக்குப் போவேன். மழையில நனையும். பரவாயில்லையா?" என்றார். முதல் ஆளைவிடப் பதினைந்தாயிரம் குறைத்துத்தான் கேட்டார். அவருக்கே கொடுத்தேன். ஓடுவதற்குச் செய்த வண்டி ஓடட்டும்.

நடுவில் புரோக்கர் ஒருவர், "ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்த்தவன் வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவேனா?

நம் ஊர்ப் பெயரிலேயே மாட்டுச் சந்தை இருக்கிறது. சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கயிறு கைமாறினால் வியாபாரம் முடிந்தது. நாளைக்கு அந்த மாடு யாரை முட்டினாலும் விற்றவன் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. மோட்டார் வண்டி அப்படியில்லை. பல கைகள் மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விற்றுவிட்டேன் என்று வாயால் சொல்லிப் பயனில்லை.

அதனால் நானும் பட்டறைத் தம்பியும் ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டையும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பினோம். விற்றவர் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்ஷூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்றச் சொன்னேன். பிரான்ஸில் இருக்கும் என் உறவினர்கள் வண்டி விற்றால், 'கார்த் கிரீஸ்' என்கிற பதிவு அட்டையில் குறுக்கே கோடு போட்டு, விற்ற தேதியோடு மணியையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த நல்ல பழக்கத்தை நானும் எடுத்துக்கொண்டேன். ரசீதில் தேதி, காலை 10.40 மணி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பெயர் மாறிய ஆர்.சி.யை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வீட்டில் பழைய வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் ஆர்.சி. காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். பதினைந்து வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்புறம், விற்பதாக இருந்தால் நம் கையால் விற்பதே நல்லது. நமக்குப் பிறகு என்றால் பிள்ளைகள் ஃபாரம் 31, வாரிசுச் சான்றிதழ் என்று லீவு போட்டு அலைய வேண்டியிருக்கும். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு குறைத்துக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற சந்தோஷமும் நமக்குக் கிடைக்காது.